கிரேட் நிக்கோபார் வௌவால்களை முதலில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேட் நிக்கோபார் துறைமுகத் திட்டம் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற செய்தி, கட்டுரை, வாசகர் கடிதம் எதையும் நான் விடுவதில்லை. காரணம், நான் பன்னிரண்டு வருடம் அந்தத் தீவின் காம்ப்பெல் பே-யில் குடியிருந்தவள். என் வீட்டுக்காரருக்கு அங்கே அரசு வேலை, நான் பள்ளியில் கணக்கு டீச்சர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று நாள் கப்பல், அங்கே காத்துக்கிடந்து இன்னொரு கப்பல் பிடித்து மறுபடி இரண்டு மூன்று நாள், அப்புறம்தான் எங்கள் ஊர். லீவுக்கு வந்து போவதிலேயே பாதி லீவு கழிந்துவிடும்.

படித்த வரைக்கும் தோல்முதுகு ஆமை வருகிறது, மெகபோடு பறவை வருகிறது, உப்புநீர் முதலை வருகிறது, பவளப்பாறை வருகிறது. எல்லாம் வரவேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வௌவால் என்று ஒரு சொல் எனக்குக் கண்ணில் படவே இல்லை. ஆமைக்கு இருக்கிற அழகு அதற்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். சரி, அதற்காக ஒரு கடிதமாவது யாராவது எழுதவேண்டாமா என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

சொந்தக் கதை இதுதான். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு ஓடை, ஓடை கடலில் சேருகிற இடத்தில் பெரிய மரங்கள். பகலெல்லாம் அதில் வௌவால் தொங்கும். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது ஒன்று கிளம்பும், இரண்டு கிளம்பும், அப்புறம் கூட்டமாகக் கிளம்பிக் காட்டுப் பக்கம் போகும். எங்கள் பப்பாளிக்கும் வரும். பக்கத்து வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து குடியேறிய பஞ்சாபிக் குடும்பம். 1969 முதல் அப்படி முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு அங்கே கொண்டுபோய் நிலம் கொடுத்து வைத்தது, அதில் தமிழர்களும் உண்டு, மலையாளிகள், தெலுங்கர், மராட்டியர் எல்லாரும் உண்டு. அந்த சர்தார்ஜி தாத்தாவும் நானும் ஆளுக்கொரு தகர டப்பாவைத் தட்டி வௌவாலை விரட்டுவோம். அவர் பஞ்சாபியில் திட்டுவார், நான் திருநெல்வேலித் தமிழில் திட்டுவேன், வௌவாலுக்கு இரண்டுமே புரியவில்லை.

போன மாதம் என் பேத்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எத்தனை வௌவால் இருக்கும் ஆச்சி?" என்றாள். "நிறைய" என்றேன். "கணக்கு டீச்சர் சொல்ற பதிலா இது?" என்று கேட்டுவிட்டாள். பன்னிரண்டு வருடம் தினமும் பார்த்திருக்கிறேன், நூறா, ஐந்நூறா, இரண்டாயிரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் தீவு வௌவால்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இந்த "நிறைய" என்ற பதிலைச் சொல்லிச் சொல்லியே ஒரு வௌவால் இனத்தை மொத்தமாகத் தொலைத்த தீவு ஒன்று இதே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் தீவு. பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஈழத்தமிழ் அகதிகளை ஆஸ்திரேலியா அடைத்துவைத்த தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வரும். ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில், 135 சதுர கிலோமீட்டர் பரப்பில், கடலுக்குள் தனியாக நிற்கிற தீவு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். கோடிக்கணக்கான செந்நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு ஊர்வலம் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்களே, அந்தத் தீவுதான். அங்கே ஒரு குட்டி வௌவால் இருந்தது, பூச்சி தின்னி, பிப்பிஸ்ட்ரெல் என்பார்கள். எடை மூன்றிலிருந்து நாலரை கிராம், அதாவது நம் கையில் புழங்குகிற ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. 1980-களில் போய்ப் பார்த்தவர்கள் தீவு முழுக்கச் சாதாரணமாகப் பறக்கிறது என்று எழுதி வைத்தார்கள். 1990-களின் நடுவில் மறுபடி போனபோது குறைந்திருந்தது. அப்புறம் ஒவ்வொரு முறை போகும்போதும் இன்னும் கொஞ்சம் குறைவு. ஊர் இருக்கிற வடகிழக்கில் முதலில் காணாமல் போய், மேற்கு ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போனது.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்தச் சின்ன வௌவால்களை இருட்டில் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. அவை பறக்கும்போது நம் காதுக்கு எட்டாத உச்ச சுருதியில் கத்திக்கொண்டே போகும், எதிரொலியை வைத்துப் பூச்சி எங்கே மரம் எங்கே என்று தெரிந்துகொள்ளும். அந்தச் சத்தத்தைப் பிடித்து நம் காதுக்குக் கேட்கிற மாதிரி இறக்கிக்கொடுக்கிற ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் குரல் வேறு. காட்டில் அங்கங்கே அந்தக் கருவியை வைத்துவிட்டு வந்தால் எந்த இடத்தில் எத்தனை முறை வௌவால் கடந்துபோனது என்று பதிவாகிவிடும். அதே இடம், அதே மாதிரி கருவி, வருடா வருடம். லிண்டி லம்ஸ்டன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் அவருடன் போனவர்களும் இப்படித்தான் அந்தச் சரிவைக் கோடு போட்டுக் காட்டினார்கள். கோடு கீழே போய்க்கொண்டிருக்கிறது, இப்போதே பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யுங்கள் என்று சொன்னார்கள்.

2009 ஜனவரியில் போனபோது, தெரிந்த கடைசிக் கூட்டுத் தங்குமிடத்தில் நான்கு வௌவால். தீவு முழுவதுமாகச் சேர்த்து இருபது தேறலாம் என்று மதிப்பீடு. இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நான்கு என்று தெரிந்த பிறகும் அறிக்கை எழுதினார்கள், குழு கூடியது, இந்த மாதிரி வௌவாலைக் கூண்டில் வளர்க்க முடியுமா என்று வேறு ஒரு சொந்தக்கார இனத்தை வைத்து ஒத்திகை பார்க்கப்பட்டது. ஒத்திகை தப்பில்லை, பத்து வருடம் முன்னால் பார்த்திருக்கவேண்டிய ஒத்திகை. சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த பீட்டர் காரட் பிடிக்க அனுமதி அறிவித்தது 2009 ஜூலை 1. ஆட்கள் தீவில் இறங்கி வேலை தொடங்கியது ஆகஸ்டில். கருவிகளை வைத்துக்கொண்டு இரவு இரவாகத் தேடினார்கள், கேட்டது ஒரே ஒரு வௌவாலின் குரல். அது வலைக்கு அகப்படவில்லை. ஆகஸ்ட் 26 இரவு அந்தக் குரல் பதிவானது. மறுநாள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. 2017-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன் அதை அற்றுப்போன இனம் என்று அறிவித்தது. ஒரு உயிரினத்தின் கடைசி நாளுக்கு இவ்வளவு துல்லியமான தேதி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அதே தீவு, கிட்டத்தட்ட அதே சமயம், இன்னொரு விஷயம் நடந்தது. அங்கே மட்டும் வாழ்கிற பல்லி, அரணை இனங்களும் அப்போது வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. நீலவால் அரணையையும் லிஸ்டர் பல்லியையும் 2009, 2010-இல் கையில் கிடைத்த வரைக்கும் பிடித்துக் கூண்டில் விட்டார்கள். காட்டில் இரண்டும் போய்விட்டன. கூண்டில் பெருகி இன்றைக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, நீலவாலை 2019-இல் கோகோஸ் தீவுகளில் ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் விடவும் செய்தார்கள். காட்டு அரணை என்று மூன்றாவது ஒன்று, அதில் மூன்று பெண் மட்டும் கிடைத்தன, ஆண் கிடைக்கவே இல்லை. கம்ப் என்று பெயர் வைத்திருந்த கடைசி அரணை 2014 மே 31 அன்று செத்துப்போனது. பிழைத்ததற்கும் போனதற்கும் நடுவில் இருந்தது சில மாதங்கள்தான்.

சரி, வௌவாலைக் கொன்றது எது? இதுதான் என்று யாரும் விரல் நீட்டிச் சொல்லவில்லை, சந்தேகப் பட்டியல் மட்டும் நீளம். அந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் துறைமுகம் என்ற சொல் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. 1980-களில் சரக்கோடு வந்து இறங்கியதாகக் கருதப்படும் ஓநாய்ப் பாம்பு ஒன்று. நம் வீட்டுச் சுவரில் பல்லி பிடிக்க ஏறுமே வெள்ளிக்கோல் வரையன், அதற்கு மிக நெருங்கிய சொந்தம், மரம் ஏறி இண்டு இடுக்கில் நுழையும். மஞ்சள் பைத்திய எறும்பு இன்னொன்று. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்துக்காரர்களுக்கு 2022-இல் அது என்னவென்று தெரிந்துபோனது, ஆடுமாட்டின் கண்ணில் மொய்க்கிறது என்று ஊரே அலறியது உங்கள் பத்திரிகை படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அப்புறம் கருப்பு எலி, பூனை, பெரிய பூரான். எல்லாம் கப்பலில் வந்தவை, அல்லது கப்பலில் வந்த மனிதர்களோடு வந்தவை. 1899-இல் ஒரு கப்பலில் வந்த கருப்பு எலிகள் கொண்டுவந்த நோயால், தீவின் சொந்த எலி இனங்கள் இரண்டும் பத்து வருடத்துக்குள் ஒழிந்தன என்று அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய எலித்தோலை எடுத்து மரபணுச் சோதனை செய்து 2008-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக அந்தத் தீவுக்கு இது முதல் பாடம்கூட இல்லை.

அந்தத் தீவில் மிச்சம் இருக்கும் ஒரே சொந்தப் பாலூட்டி இன்றைக்கு ஒரு பழந்தின்னி வௌவால். பகலிலேயே பறந்து திரிகிற அபூர்வமான வௌவால் அது. இதைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: அதைப் பல காலம் தனி இனமாகக்கூட எண்ணாமல், அந்தமான் நிக்கோபாரிலும் சுமத்ராவுக்கு மேற்கே உள்ள தீவுகளிலும் இருக்கிற கருங்காதுப் பழந்தின்னியின் ஒரு கிளை என்றுதான் வைத்திருந்தார்கள். அதாவது நானும் சர்தார்ஜியும் டப்பா தட்டி விரட்டியதற்கு அது ஒன்றுவிட்ட தங்கச்சியாக இருக்க ரொம்ப வாய்ப்பு உண்டு.

எல்லாம் அழுகை இல்லை. மொரீஷியஸுக்குக் கிழக்கே அறுநூறு கிலோமீட்டர் போல் தள்ளி ரோட்ரிக்ஸ் என்று ஒரு தீவு, அங்கேயும் அந்தத் தீவுக்கே உரிய பொன்னிறப் பழந்தின்னி. காட்டை வெட்டி, வேட்டையாடி, அதற்கு மேல் புயலும் அடித்து, 1970-களின் நடுவில் நூற்றுக்கும் கீழே போய்விட்டது. 1976-இல் ஜெரால்டு டரெல் என்ற இயற்கை ஆர்வலர் அங்கே போய்ச் சிலவற்றைப் பிடித்து ஜெர்சி விலங்குக் காட்சியகத்தில் ஒரு கூட்டத்தையும், மொரீஷியஸில் ஒரு கூட்டத்தையும் வளர்க்க ஏற்பாடு செய்தார். முழுகிவிட்டால் கைவசம் இருக்கட்டும் என்று. ஆனால் அந்தக் கைவசம் தேவைப்படவே இல்லை. தீவிலேயே நீர்ப்பிடிப்பு நிலங்களில் மரம் நட்டார்கள், வேட்டை குறைந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், மாலையில் வௌவால் கிளம்பும் நேரம் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது வருடத்தில் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுகிற உயிர் இவ்வளவு பெருகியிருக்கிறது என்றால் எவ்வளவு பொறுமையாக விட்டிருக்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு குட்டிக் கணக்கு முக்கியம். எலி மாதிரி அள்ளிப் போடுகிற ஜாதி என்று பலரும் நினைக்கிறார்கள், வௌவால் அப்படி இல்லை.

பக்கத்திலேயே மொரீஷியஸில் கதை தலைகீழ். ரூபாய் நோட்டில் தமிழ் அச்சடிக்கிற நாடு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடுகிற நாடு, நமக்குக் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். அங்கே வீட்டுக்கு வீடு லிச்சி மரம், மாமரம். வௌவால் வந்து தின்கிறது என்று தோட்டக்காரர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான், நானே டப்பா தட்டியவள். அரசு தொண்ணூறாயிரம் வௌவால் இருக்கிறது என்று ஒரு கணக்கைச் சொல்லி, 2015-இல் சட்டமும் கொண்டுவந்து, பதினெட்டாயிரத்தைச் சுடுகிறோம் என்று கிளம்பியது. சுட்டு முடித்தபோது கணக்கு முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த வருடம் மேலும் ஏழாயிரம் சொச்சம். அந்தத் தொண்ணூறாயிரமே தப்பு, அவ்வளவு கிடையாது என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் கத்திக்கொண்டே இருந்தன. 2018-இல் ஐயுசிஎன் அந்த இனத்தை இன்னும் ஒரு படி மேலே ஆபத்துப் பட்டியலில் ஏற்றியது. சரி, பழமாவது அதிகம் கிடைத்ததா? மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் ஃப்ளோரன்ஸ், அவருடன் க்ளாடியா பைடர், இரண்டு பேரும் கணக்கெடுத்துப் பார்த்து எழுதியது: சுட்டதால் தோட்டக்காரர் லாபம் கூடவில்லை. மரத்தைக் கவாத்து செய்து கை எட்டுகிற உயரத்தில் வைத்து வலை போட்டால் சேதம் பெருமளவு குறைகிறது என்று வேறு ஆய்வும் காட்டியிருக்கிறது. நாற்பது அடி லிச்சி மரத்துக்கு வலை போடுவது எப்படி என்று ஒரு தோட்டக்காரர் கேட்டால் அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும், ஆனால் துப்பாக்கி அதற்குப் பதில் இல்லை.

மொரீஷியஸ் காட்டில் நிலைமை என்னவென்றால், டோடோ போய்விட்டது, பழம் தின்கிற பெரிய ஆமை போய்விட்டது. பெரிய கொட்டை உள்ள பழத்தைத் தூக்கிக்கொண்டு பறந்து தூரத்தில் போய்ப் போடுவதற்கு மிச்சம் இருக்கிற பெரிய ஆள் வௌவால் மட்டும்தான். யானையும் குரங்கும் கரடியும் செய்கிற வேலை அங்கே இது ஒன்றின் தலையில். கடல் நடுவில் இருக்கிற பல தீவுகளில் கதை இப்படித்தான். நாலுகால் பிராணி நீந்திப் போக முடியாத தூரத்துக்குப் பாலூட்டி என்று போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் வௌவால்தான்.

இனி நம் தீவுக்கு வருகிறேன். நிக்கோபாரில் மட்டுமே இருக்கிற பழந்தின்னி இனம் ஒன்று உண்டு, 1902-இல் விவரித்தார்கள், நடு நிக்கோபார்த் தீவுகளின் பக்கம் இருப்பது. கருங்காது இனத்தைச் சொல்லிவிட்டேன். பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் தனி. இதையெல்லாம் 2000-களில் தீவு தீவாகப் படகில் போய், குகை குகையாக நுழைந்து பார்த்தவர் பந்தனா ஔல் என்ற பெண் ஆய்வாளர். சுனாமிக்கு முன்னும் பின்னும் அந்தத் தீவுகளில் அலைவது என்றால் என்ன என்று அங்கே இருந்தவளுக்குத் தெரியும். 2014-இல் வெளிவந்த அவர் கட்டுரையில் கூட எழுதியவர்களில் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து. மதுரை என்று பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. எம்.கே. சந்திரசேகரன் காலத்திலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் வௌவால் ஆராய்ச்சி நடந்திருக்கிறது, இருட்டுக் குகைக்குள் தொங்குகிற வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்று மதுரைப் பக்கத்துக் குகையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இவர்கள். ஆக வௌவால் படித்த ஆட்கள் தமிழ்நாட்டில் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மெகபோடு பறவைக்கான பொறுப்பைக் கோவை ஆனைகட்டியில் இருக்கிற சலீம் அலி பறவை ஆய்வு மையத்துக்குக் கொடுத்த மாதிரி, வௌவாலுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் என்ன?

திட்டத்தின் அளவு உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 72,000 கோடி ரூபாய் என்று ஆரம்பித்தார்கள், சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். 130 சதுர கிலோமீட்டர் காடு. அரசே சொன்ன கணக்கு, வெட்டவேண்டிய மரம் ஒன்பதரை லட்சத்துக்கு மேல். மரத்தை எண்ணத் தெரிந்திருக்கிறது பாருங்கள். 130 சதுர கிலோமீட்டர் என்றால் அந்தக் கிறிஸ்துமஸ் தீவு மொத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு ஈடாக ஹரியானாவில் காடு வளர்ப்பார்களாம். ஹரியானாவுக்கு எங்கள் ஓடைக்கரை வௌவால் எந்த ரயிலில் போகும் என்று தெரியவில்லை.

திட்டம் வேண்டும், வேண்டாம் என்று சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. என் மனசுக்கு வேண்டாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் நாட்டுப் பாதுகாப்பு, மலாக்கா நீரிணை என்றெல்லாம் சொல்கிறவர்களுடைய வாதத்தையும் கேட்டிருக்கிறேன், அதை எடைபோடுகிற ஆள் நான் இல்லை. நான் கேட்பது அதற்கு முந்தின ஒரு வேலை. கோடரி விழுவதற்கு முன்னால் முழுசாக ஒரு வருடம், மழைக்காலம், வெயில்காலம், பழம் பழுக்கிற காலம், பழம் இல்லாத காலம் எல்லாவற்றிலும் வௌவாலை எண்ணவேண்டும். ஒரே ஒரு வாரம் போய் நாலு வலை கட்டிப் பார்த்துவிட்டு வருவது கணக்கெடுப்பு ஆகாது, பழந்தின்னி வௌவால் பழம் இருக்கிற இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும், தீவு விட்டுத் தீவுகூடப் பறக்கும். இன்றைக்கு இந்த மரத்தில் ஒன்றும் இல்லை என்றால் வௌவாலே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஏற்கெனவே எண்ணிவிட்டோம் என்றால், நல்லது, அந்த எண்ணைப் பொதுவில் வெளியிடுங்கள்.

பூச்சி தின்னி வௌவாலுக்குக் குரல் பதியும் கருவிகளை வெட்டுகிற காட்டிலும் வைக்கவேண்டும், வெட்டாத காட்டிலும் வைக்கவேண்டும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். அதை வைத்துவிட்டுத் தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போய்விட்டு ஆறு மாதம் கழித்து வருவதற்குப் பதில், அங்கேயே இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வனக்காவலர் இருக்கிறார், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் மேலாக நிக்கோபாரி மக்கள் இருக்கிறார்கள், எந்த மரத்தில் எந்த மாதம் வௌவால் தங்கும் என்பது புத்தகம் படித்தவர்களைவிட அவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் மரத்தடியில் வானம் தெரிகிற பக்கமாக நான்கு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு திசை பிரித்துக்கொண்டு, கிளம்புகிற வௌவாலை எண்ணுவதற்கு முனைவர் பட்டம் வேண்டியதில்லை. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்வார்கள். ஒருவன் தப்பாக எண்ணினாலும் மாதா மாதம் அதே ஆள் அதே மாதிரி எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

துறைமுகம் வந்தே தீரும் என்றால், கப்பலில் வருகிற எலி, பாம்பு, எறும்பு இவற்றை இறங்குமிடத்திலேயே பிடிப்பதற்கு ஆளும் பணமும் முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். சுங்கச் சோதனை மாதிரி இதுவும் ஒரு சோதனை. கிறிஸ்துமஸ் தீவில் கப்பல் எண்ணிக்கை எவ்வளவோ குறைவு. இங்கே வரப்போவது உலகமெங்கும் சுற்றுகிற பெட்டகங்கள், ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யார் பார்ப்பார்கள்?

நிப்பா பற்றியும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாராவது எழுதிவிடுவார்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்ததிலிருந்து நம்மூரிலும் வௌவால் தொங்குகிற மரத்தை வெட்டு என்கிற பேச்சு அடிக்கடி கேட்கிறது. கடித்த பழத்தைத் தின்னாதே, வௌவாலைக் கையால் தொடாதே, இது புத்தி. மரத்தை வெட்டினால் அந்த வௌவால் பட்டினியும் பயமுமாக இன்னும் பத்து வீட்டுத் தோப்புக்குப் போகும், இதில் என்ன லாபம்? பழந்தின்னி வௌவால்கள் நம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஐம்பது வருடம் எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி என்ற அட்டவணையில் கிடந்தன. நம் மேகமலையில் இருக்கிற சலீம் அலி பழந்தின்னிக்கு மட்டும் விலக்கு. 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே எடுபட்டது. சட்டம் மாறிவிட்டது, நம் வாய் இன்னும் மாறவில்லை.

கடைசியாக உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள், இதை மட்டும் தயவுசெய்து வெட்டவேண்டாம். 2004 டிசம்பருக்கு முன்னால் காம்ப்பெல் பே, கச்சால், கமோர்ட்டா, கார் நிக்கோபார் பக்கம் வேலை பார்த்தவர்கள், குடியிருந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். பொதுப்பணி, தபால், மின்சாரம், பள்ளிக்கூடம், கடற்படை என்று. உங்கள் பழைய ஆல்பத்தில், டைரியில், ஊருக்கு எழுதிய கடிதத்தில் வௌவால் தொங்குகிற மரம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த இடம், எந்த வருடம், எந்த மாதம் என்று பின்னால் குறித்துப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முன்னால் எவ்வளவு இருந்தது என்று சொல்ல இப்படி ஏதாவது இருந்தால்தான் உண்டு, ஏனென்றால் கரையோர மரம் பலவற்றைச் சுனாமி கொண்டுபோய்விட்டது, தீவே சில இடங்களில் நான்கு மீட்டர் கீழே இறங்கிவிட்டது.

என்னிடம் ஒன்று இருந்தது, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். 1991 பிப்ரவரி, என் மகன் பிறந்தநாளுக்கு எடுத்தது. முன்னால் நாங்கள் மூன்று பேரும் கேக்கும், பின்னால் ஓடைக்கரை மரம். பேத்தி பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, எண்ணியதையெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துத் தனித் தாளில் வரைந்தாள். நானும் தனியாக எண்ணினேன். அவளுக்கு 64, எனக்கு 61. அதற்கு மேல் இருட்டாக இருக்கிற மூலையில் இருப்பது இலையா வௌவாலா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
அம்பாசமுத்திரம்